நீல அச்சில் தாவரமும் உழைப்பும்: ஒரு திறனாய்வு நோக்கு

1

சயனோரைப் எனப்படும் நீல ஒளியச்சு முறை அண்மைக் காலத்திற் புத்துயிர் பெற்றுள்ளது. ஒளிப்படக் கருவியோ இருட்டறையோ வேண்டாத இம்முறையினாலே, இலை, பூ, பன்னம் ஆகியவற்றையும், பழைய கடிதம், பின்னற் துணி, திறவுகோல், தாயின் கைலேஞ்சி போன்ற சொந்தப் பொருள்களையும் கடதாசிமீது நேரே கிடத்தி, வெயிலில் வைத்து, நீலப் பின்னணியில் அவற்றின் வெண்ணிற உருவைப் பெறுகின்றனர். உலகின் பல நகரங்களில் இதனைக் கற்பிக்கும் பயிற்சிப் பட்டறைகள் நடைபெறுகின்றன. கொழும்பின் கலை ஆர்வலரிடையேயும் இதன்பால் ஈடுபாடு தோன்றியுள்ளது.

இப்படைப்புகளைப் பாராட்டுவோர் பெரும்பாலும் இரண்டு கருத்துகளை முன்வைப்பர். இயற்கை தன்னைத் தானே வரைந்துகொள்கிறது என்பது ஒன்று. சந்தையின் கைபடாத, முற்றிலும் அந்தரங்கமான கலை இது என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் எவ்வளவு தூரம் ஏற்புடையன என்பதை இம்முறையின் சமூக வரலாற்றை அடியொற்றி ஆராய்வதும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய கொழும்பின் பகுதிகளில் வாழும் தமிழ் மக்களைப் பொறுத்தவரை 'சொந்தப் பொருள்' என்பது யாது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓவியரும் ஒளிப்படக் கலைஞரும் பேசவேண்டிய விடயத்தில் இலக்கிய மாணவர்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். தாவரத்தை மனித வாழ்வின் குறியாகக் கொள்ளும் மரபு தமிழ்க் கவிதையின் ஆணிவேராக இருந்துவந்துள்ளது. அம்மரபைக் கற்றோர் இவ்வச்சுகளைப் பார்த்து வினவவேண்டிய வினாக்கள் சில உள.

செய்முறை எளியது. பெரிக்கமோனியம் சித்திரேற்று, பொற்றாசியம் பெரிசயனைட்டு ஆகிய இரண்டு இரும்புச் சேர்வைகளை நீரிற் கரைத்துக் கலந்து, மங்கிய ஒளியிற் கடதாசியிலோ பருத்தித் துணியிலோ பூசி உலர்த்த வேண்டும். அதன்மேற் பொருளைப் பரப்பிக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், ஊதாக்கடந்த கதிர் பட்ட இடங்களில் இரும்பு தாழ்த்தப்பட்டு, 'பிரசிய நீலம்' என்னும் கரையாத நிறப்பொருள் உருவாகும். பொருள் மறைத்த இடங்களிற் சேர்வை மாற்றமடையாது நின்று, கழுவும் நீரோடு போய்விடும். ஆகவே நாம் காணும் வெண்ணிற உருவம் எதுவும் பதியாத இடமே. பொருள் அங்கே கிடந்தது என்பதற்கு அவ்விடத்தின் வெறுமையே சான்றாகின்றது. தூரத்துப் பொருளை வில்லையினூடாகப் பிடிக்கும் ஒளிப்படத்திலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான்: இங்கு பொருள் கடதாசியைத் தொட்டாக வேண்டும். கைவசம் பொருள் இல்லாதவர்க்கு இக்கலை இல்லை. இவ்வுண்மையை நாம் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

2

நீல அச்சைக் கண்டறிந்தவர் ஆங்கிலேய வானியலறிஞரான ஜோன் ஹேர்ஷல். 1842இல் இது நிகழ்ந்தது. மறு ஆண்டிலேயே, 1843இல், அன்னா அற்கின்ஸ் என்னும் பெண்மணி பிரித்தானியக் கடற்பாசிகளை இம்முறையிற் பதித்துப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். பத்தாண்டுக் காலம் தொடர்ந்த அம்முயற்சி ஒளிப்படங்களால் அமைந்த முதல் நூலாகக் கருதப்படுகின்றது. படங்கள் மட்டுமன்றி எழுத்துகளும் அவரது கையெழுத்திலேயே நீல அச்சாகப் பதிக்கப்பட்டன. 1853இல் தம் தோழி ஆன் டிக்சனுடன் இணைந்து பிரித்தானியப் பன்னங்களையும் அயல்நாட்டுப் பன்னங்களையும் அவர் தொகுத்தார்.

அற்கின்சின் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்கள் அறிவியற் சங்கங்களின் வாயிலில் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. தந்தையார் மொழிபெயர்த்த இலமார்க்கின் சிப்பிகள் பற்றிய நூலுக்கு இளமையிலேயே ஓவியம் வரைந்து கொடுத்தவர் அவர். நுண்ணிய கடற்பாசியைக் கையால் வரைவதிலுள்ள இடர்ப்பாட்டை நேரில் அறிந்திருந்தமையாலேயே புதிய முறையை நாடினார். அதாவது, இயற்கை தன்னைத் தானே வரைந்தது என்னும் கூற்றின் பின்னே, கையால் வரைந்து களைத்த ஒரு பெண்ணின் உழைப்பு உண்டு. சேகரித்தல், உலர்த்தல், ஒழுங்குபடுத்தல், பெயரிடல், கழுவல் ஆகிய பல நூறு செயல்களின் பயனே அத்தொகுதி.

இன்னொரு உண்மையும் உண்டு. அந்நூல் விற்பனைக்கு வைக்கப்படவில்லை; நண்பர்க்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் அன்பளிப்பாக வழங்கப்பட்டது. சந்தைக்கு அப்பாற்பட்ட கலை என்போர்க்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. ஆயின் அன்பளிப்புக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. அற்கின்ஸ் 1825இல் மணந்த ஜோன் பெலி அற்கின்ஸ் மேற்கிந்தியத் தீவுகளோடு வாணிகம் நடத்திய இலண்டன் வணிகர். அடிமைகளின் உழைப்பில் நின்ற வாணிகம் அது. பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இலேயே நிறைவேறிற்று. அதன்பின்னும் 'பயிலுநர்' என்ற பெயரில் 1838 வரை கட்டாய உழைப்பு தொடர்ந்தது. அயல்நாட்டுப் பன்னங்களின் தொகுதியிலே யமேக்காவின் பன்னங்கள் இடம்பெறுவது தற்செயலன்று. கப்பல் சென்ற வழியிலேதான் இலையும் வந்தது. நீல வெளியில் மிதக்கும் அவ்வெள்ளிலையிற் காம்பும் நரம்பும் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பறித்த கை தெரிவதில்லை.

3

நீல அச்சுக்கு இரண்டாவது வரலாறு ஒன்றுண்டு. தாவரப் பதிவுகளைப் பாராட்டும் இன்றைய எழுத்துகள் அதனை ஓரிரு சொற்களிற் கடந்துவிடுவது வழக்கம். நமக்கோ அதுவே மிக முக்கியமானது.

1870களில் இம்முறை வணிக உற்பத்திக்குள் நுழைந்தது. பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் வரைந்த மூலப்படத்தை ஒளி ஊடுருவும் தாளில் ஆக்கி, இரும்புச் சேர்வை பூசிய கடதாசிமேல் வைத்து, வேண்டிய அளவு படிகள் எடுத்தனர். 'நீலப்படி' என உலகெங்கும் வழங்கிய வரைபடம் இதுவே. அதுவரை படங்களைக் கையாற் பார்த்தெழுதிய படியெடுப்பாளரின் தொழிலை அது விழுங்கியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறு படியெடுப்பு முறைகள் வரும்வரை, பாலமும் புகையிரதப் பாதையும் துறைமுகமும் தொழிற்சாலையும் நீலப்படியிலிருந்தே எழுந்தன.

நீலப்படியைச் சிக்கனமான படியெடுப்பு முறை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. ஹரி பிரேவர்மன் 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' (1974) என்னும் நூலில், சிந்திக்கும் வேலையையும் செய்யும் வேலையையும் பிரித்து, முன்னையதை முகாமையின் தனியுடைமையாக்குவதே நவீன முதலாளிய உற்பத்தியின் அடிப்படைப் போக்கு என விளக்கினார். தச்சனின் மனத்திலும் கையிலும் இருந்த வடிவம் அவனிடமிருந்து பிரிக்கப்பட்டு, வரைபட அறையிற் குடியேறி, பின்னர் நீலத் தாளாக அவனிடமே கட்டளையாகத் திரும்பி வந்தது. அவன் அதைப் பின்பற்றலாம், திருத்த முடியாது. மேற்கூறிய பிரிவினையின் கைக்கருவிகளுள் ஒன்றாக நீலப்படி விளங்கிற்று.

ஆகவே, ஒரே இரும்புச் சேர்வை, ஒரே வெயில், ஒரே நீர் இரண்டு வேறு சமூக உறவுகளுக்குப் பணியாற்றின. ஓரிடத்தில் ஓய்வு வாய்ந்த வர்க்கத்தின் தாவரத் தொகுதியாயிற்று. பிறிதோரிடத்தில் உழைப்பாளியை ஆளும் ஆவணமாயிற்று. வோல்ற்றர் பெஞ்சமின் 1930களில் இயந்திரப் படியெடுப்பின் காலத்துக் கலைப்படைப்புப் பற்றி எழுதியபோது, படியெடுப்பு ஒற்றைப் படைப்பின் புனிதத்தைத் தகர்க்கும் என வாதிட்டார். இலையை நேரே வைத்து எடுத்த நீல அச்சோ ஒற்றைப் படைப்பு. அதே இலையை மீண்டும் வைத்தாலும் அதே படம் வராது. நீலப்படியோ எண்ணற்ற படிகளுக்கென்றே பிறந்தது. ஒரே இரசாயனத்துள் இவ்விரு முரண்பட்ட போக்குகளும் அடங்கியிருப்பதை நோக்கும்போது, ஒரு நுட்பம் தன்னளவில் முற்போக்கானதோ பிற்போக்கானதோ அன்று என்பதும், அது இயங்கும் உற்பத்தி உறவுகளே அதன் பொருளை நிர்ணயிக்கின்றன என்பதும் புலனாகும்.

4

இவ்வரலாற்றுக்கும் இலங்கைக்கும் இடையே தொடர்பொன்று உண்டு. 1836இல் நன்னம்பிக்கை முனையில் ஹேர்ஷலைச் சந்தித்து வாழ்நாள் நட்புப் பூண்டவர் ஜூலியா மார்கரற் கமரன். ஒளிப்படக் கலை பற்றிய முதற் செய்திகளை அவருக்கு அறிவித்தவர் ஹேர்ஷலே. 1867இல் அவர் எடுத்த ஹேர்ஷலின் உருவப்படம் புகழ்பெற்றது. அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கையின் ஆட்சியமைப்பையும் பொருளாதாரத்தையும் மாற்றியமைத்த 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவினருள் ஒருவர்; பின்னர் இந்நாட்டிற் கோப்பித் தோட்டங்களின் உடைமையாளர். 1875இல் இத்தம்பதியர் இங்கு குடிபெயர்ந்தனர். ஜூலியா 1879இல் மலைநாட்டில் இறந்தார். இலங்கையில் அவர் எடுத்த படங்கள் சில எஞ்சியுள்ளன. அவை நீல அச்சுகள் அல்ல. எனினும் ஒப்பீடு பயனுடையது. இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த அறிஞரும் கவிஞரும் பெயரோடு வாழ்கின்றனர். களுத்துறையில் அவர் முன் நின்ற உழைப்பாளிகள் 'விவசாயிகள் குழு' என்றாற்போன்ற பொதுத் தலைப்புகளுள் அடங்கிப்போயினர். பன்னத்துக்கு இலத்தீனிலே பெயர் எழுதிய அதே நூற்றாண்டு மனிதனுக்குப் பெயர் எழுத மறுத்தது.

இங்குதான் தமிழ் மரபு நமக்குக் கைகொடுக்கின்றது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனத் திணைகள் தாவரப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. இதைக்கொண்டு பண்டைத் தமிழர் இயற்கையை வழிபட்டனர் என்று உருகுவோர் பலர். தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுக்கும் முறையை ஊன்றி நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியன அங்கு ஒருசேர வைக்கப்பட்டுள்ளன. மரம் தொழிலோடும் உணவோடும் நின்றே பொருள் தருகின்றது. வேங்கை மலர்ந்த இடத்தில் தினைக்காவல் உண்டு. நெய்தல் மலர்ந்த இடத்தில் மீனும் உப்பும் உண்டு. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட ஆய்வில் திணைக் கோட்பாட்டைத் தென்னிந்தியாவின் சமனற்ற சமூக பொருளாதார வளர்ச்சியோடு பொருத்தி விளக்கியமை இத்துறையில் ஒரு திருப்புமுனை. அவ்வழி நின்று நோக்கின், தொழிலும் மாந்தரும் நீக்கப்பட்ட தாவரம் அரைகுறைக் கருப்பொருளாகும்.

தேயிலையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். எத்திணைக்கும் உரியதல்லாத அச்செடியை மூலதனமே இந்நாட்டுக்குக் கொணர்ந்தது. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயினாற் கோப்பி அழிய, தேயிலை மலைகளைப் பிடித்தது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் அவர்தம் வழிவந்தோரும் அதனைப் பறித்தனர். அவர்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேயிலைச் செடியை அதன் கீழ்ப் புதைந்த மனிதரோடு சேர்த்துப் பாடியபோதே அச்செடி இலக்கியத்திற் கருப்பொருளாயிற்று.

நீல அச்சின் செய்முறையிலும் தேயிலைக்கு ஓர் இடமுண்டு. அச்சைச் சலவைச் சோடாக் கரைசலில் இட்டு நீலத்தை வெளிறச் செய்து, பின்பு தேயிலைச் சாற்றில் ஊறவைத்தால், சாற்றிலுள்ள தனின் இரும்போடு சேர்ந்து கபிலம் கலந்த கருமையைத் தரும். கடுக்காயையும் அன்னபேதியையும் கொண்டு நம் முன்னோர் மை காய்ச்சியதும் இவ்விரசாயனத்தின்படியே. பழமையான தோற்றம் தரும் எளிய வழியாகவே தேயிலைச் சாறு இன்று பரிந்துரைக்கப்படுகின்றது. கொழுந்து பறித்தவளின் வரலாறு நிறத்தேவைக்கான கரைசலாகக் குறுகிவிடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. அதே வேளை, இக்கரைசல் எவரிடமிருந்து வந்தது என்று வினவத் தெரிந்த கலைஞன் கையில், தேயிலைக் கறையே தாளில் ஏறிய வரலாறாகவும் ஆகலாம்.

5

இனி நகரத்துக்கு வருவோம். வெள்ளவத்தை என்பது சிங்களத்தில் மணற்றோட்டம் எனப் பொருள்படும். கொட்டாஞ்சேனையின் ஈற்றிலே சேனைப்பயிர்ச் செய்கை நிற்கின்றது. இரு பெயர்களிலும் பயிர் நிலம் உண்டு. இன்று அங்கு செடி தேடுவோர் மாடத்துத் தொட்டிகளையும் கோயில் வீதியையும் கடற்கரைப் புகையிரதப் பாதையின் ஓரத்தையும் நாடவேண்டும்.

வெள்ளவத்தையைப் பலர் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் வாழிடமாக மட்டுமே அறிவர். அங்கு நூல் நூற்று ஆடை நெய்த பெரும் ஆலை ஒன்று இருந்தது. 1933இல் அவ்வாலைத் தொழிலாளர் மேற்கொண்ட வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் முக்கியமானது. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோருட் கொல்வின் ஆர். டி சில்வா முதலானோர் அதில் முன்னின்றனர். அதே தசாப்தத்தில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் மலையாளத் தொழிலாளருக்கு எதிராக இனவுணர்வைத் தூண்டி வர்க்க ஒற்றுமையைச் சிதைத்தது. ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் மாடிக் குடியிருப்புத் தொகுதி எழுந்துள்ளது. நீல அச்சைப் பருத்தித் துணியிற் பதிப்போர், துணியைக் கேள்விக்கிடமற்ற வெற்று வெளியாகக் கொள்கின்றனர். வெள்ளவத்தையைப் பொறுத்தவரை துணியும் ஒரு சொந்தப் பொருள்; நெய்தவர்க்கு உரியதாகாத சொந்தப் பொருள். கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகத்தின் அயலிற் சுமை தூக்கிய தொழிலாளரின் வாழ்வு எவ்வாறோ அவ்வாறே இது.

1983 யூலைக்கு வருவோம். 24ஆம் நாள் இரவு பொறளையிற் கிளம்பிய வன்செயல் மறுநாள் நகரெங்கும் பரவிற்று. வாக்காளர் இடாப்புகளைக் கையிற் கொண்டு வந்தோர் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தெரிந்தெடுத்துத் தாக்கினர் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. உயிர்கள் போயின, உடைமைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் அமைந்த அகதி முகாங்களில் தஞ்சமடைந்தனர். பலர் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர். திருமணப் படமும் பிறப்புச் சான்றிதழும் பாட்டியின் சேலையும் கடிதக் கட்டும் ஒரு பகலிற் சாம்பலாயின.

'சொந்தப் பொருளைக் கொண்டு வாருங்கள்' என்னும் பட்டறை அழைப்பை இப்பின்னணியில் வாசித்துப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பெட்டியிற் பேணிய பின்னற் துணி ஒருவரிடம் இருப்பதற்கு, அவ்வீடு எரியாதிருந்திருக்க வேண்டும். அக்குடும்பம் ஓடாதிருந்திருக்க வேண்டும். அவர்க்குப் பெட்டி வைக்க ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி லய அறையில் மூன்று தலைமுறை ஒடுங்கி வாழ்ந்தோர்க்கும், கொட்டாஞ்சேனையின் பொதுத் தண்ணீர்க் குழாயடியில் வாழ்ந்தோர்க்கும் அவ்விடம் இருந்ததில்லை. நினைவுப்பொருள் என்பது மனத்தின் செல்வமாகத் தோன்றினும் அதன் அடியில் உடைமை உறவு உண்டு. பொருள் கடதாசியைத் தொட்டாக வேண்டும் என்ற தொழில்நுட்ப விதி இங்கு சமூக விதியாகவும் மாறுகின்றது: இழந்தோர்க்கு வெண்ணிற உருவமும் இல்லை, அவர்தம் தாள் முழுதும் நீலமாகவே வரும். அந்தரங்கம் வர்க்கத்துக்கும் இனவொடுக்குமுறைக்கும் அப்பாற்பட்டது என்னும் கருத்து இவ்விடத்தில் உடைந்துபோகின்றது.

6

பொருளை இழந்தோர் எதை வைத்துப் பதிவர் என்னும் வினாவுக்கு ஒரு தமிழ்க் கலைஞரின் விடை நம்மிடம் உண்டு. அது நீல அச்சு அன்று. ஆயினும் நீலப்படியின் வரலாற்றோடு நெருங்கிய உறவுடையது. தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் பொருள்தரும் தலைப்புடைய நூலையே குறிப்பிடுகிறோம். தோம்பு என்பது ஐரோப்பியர் ஆட்சிக் காலத்துக் காணிப் பதிவேடு. போரினால் வீடிழந்து பெயர்ந்த வட பகுதித் தமிழ்பேசும் மக்கள் எண்பதின்மர், தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்து தந்தனர். ஒவ்வொன்றையும் கட்டடக் கலைஞரின் முறைசார்ந்த வரைபடம் தொடர்கின்றது. அதனைக் கலைஞரின் சொந்த ஓவியம் தொடர்கின்றது.

நாம் மேலே கூறிய நீலப்படியின் இயக்கம் இங்கு தலைகீழாகின்றது. அங்கே வரைபடம் மேலிருந்து கட்டளையாக வந்தது. உழைப்பாளி அதன்படி கட்டினான். இங்கே வாழ்ந்தவரே முதலில் வரைகின்றார். தொழில்முறை வரைஞர் அவரைப் பின்பற்றுகின்றார். கிணறும் முருங்கையும் அடுக்களையும் படலையும் எங்கிருந்தன என்பதை வாழ்ந்தவரே அறிவார். முன்னே வரியறவிட ஆட்சியாளர் எழுதிய தோம்பு, இப்போது உடைமை பறிக்கப்பட்டோரின் உரிமைச் சான்றாகின்றது. கைவசம் பொருள் இல்லாத நிலையிலும் பொருளின் அளவையும் இடத்தையும் உறவுகளையும் மீட்க முடியும் என்பதை இந்நூல் நிறுவியுள்ளது. குறைபாடு ஒன்றையும் சுட்டவேண்டும். வீட்டுக்கு உரியவரின் நினைவே இதில் மேலோங்குகின்றது. அவ்வளவில் வீடில்லாதவர், கூலிக்கு வேலை செய்தவர், சாதியின் பெயரால் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர் ஆகியோரின் தரைப்படம் வரையப்படாமல் எஞ்சுகின்றது. தலைப்பின் 'முற்றுப்பெறாத' என்னும் சொல்லை நாம் இவ்வாறும் வாசிக்கலாம்.

நீல அச்சுக் கலையை நாம் நிராகரிக்கவில்லை. விலை உயர்ந்த கருவி வேண்டாத, வெயில் மிகுந்த நம் நாட்டுக்கு ஏற்ற, பாடசாலை மாணவரும் தோட்டத்துப் பிள்ளைகளும் எளிதிற் பயிலத்தக்க முறை இது. அதன் சனநாயக ஆற்றல் மெய்யானது. அவ்வாற்றல் செயலாவதற்கு, தாவரத்தை அதன் தொழிலோடும், பொருளை அதன் உடைமை வரலாற்றோடும், வெண்ணிற உருவை அதன் அருகில் உருவம் பெறாதோரோடும் சேர்த்துக் காணும் நோக்கு தேவை. தேயிலைக் கொழுந்தைப் பதிப்பவர் அதனைப் பறிப்பவரின் விரற்கூட்டையும் அதனருகே வைக்கலாம்; சேலைத் துண்டைப் பதிப்பவர் நெய்த ஆலையை நினைக்கலாம்; எரிந்த வீட்டின் பிள்ளை ஒன்றும் வைக்காத தாளையே வெயிலில் வைத்து, அதன்கீழ் இழந்தவற்றின் பட்டியலை எழுதலாம். கலைஞர் இவற்றைச் செய்வாரா என்பது அவர்தம் தெரிவு. இவ்வச்சுகளைக் காணும்போது, இது யாருடைய தோட்டத்து இலை, யார் பறித்தது, யாரிடம் வைக்க ஒன்றுமில்லாது போயிற்று என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புவது திறனாய்வாளராகிய நம் கடமை. எழில் பற்றிய பேச்சு இவ்வினாக்களுக்குப் பின்னரே தொடங்க வேண்டும்.